தாத்தாவின் கல்லோடு சென்னையில் நான்கு நாள்

ஜூலை 17, 2025, வியாழன்

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ரயில் என்றால் மேற்கே போவது. விடியுமுன் எழுந்து டிபன் பாக்ஸோடு பெங்களூருக்கு ஓடி, ராத்திரி வீடு திரும்புவது. கோலார் தங்கவயலில் 2001ல் சுரங்கத்தை மூடியதிலிருந்து பாதி ஊருக்கு இதுதான் பிழைப்பு. இன்று நான் பங்காருப்பேட்டையில் எதிர்ப்பக்கம் போகிற வண்டியில் ஏறினேன். தோள்பையில் மூன்று செட் துணி, அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோறு, அப்புறம் பழைய துண்டில் சுற்றிய ஒரு கல்.

கல் தாத்தாவுடையது. தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் கொல்லைச் சுவர் மழையில் விழுந்தபோது, சுரங்கத்துக்காரர்கள் வேண்டாமென்று தள்ளிய கழிவுக் கல்லை வைத்துத்தான் அவர் மறுபடி சுவர் எழுப்பினார். அதில் ஒன்றை மட்டும் சுவரில் வைக்காமல் தனியே எடுத்து வைத்தார். வெள்ளைக்கல். உள்ளே நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்ட மாதிரி மெல்லிசாகக் கறுப்புக் கோடுகள். ஏன் எடுத்து வைத்தார் என்று சொன்னதே இல்லை. முப்பது வருஷமாக எங்கள் வீட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்ததும், ஊறுகாய் ஜாடி மூடிக்குப் பாரமாக இருந்ததும் இந்தக் கல்தான்.

அப்பாவின் சிநேகிதர் ஒருவர், எங்களுக்கு மாமா முறை, சுரங்கத்தில் ஜியாலஜிஸ்டாக இருந்தவர். ஓய்வு பெற்று நங்கநல்லூரில் இருக்கிறார். "கல்லைக் கொண்டாம்மா, பார்த்துச் சொல்றேன்" என்று நாலு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு இந்த வருஷம் 81. இனியும் தள்ளிப் போடக் கூடாது என்று கிளம்பிவிட்டேன்.

சென்ட்ரலில் இறங்கியதும் வெயில் முகத்தில் அறைந்தது. எங்கள் ஊர் மேட்டுப்பூமி, ஜூலையில் காற்று ஜில்லென்று இருக்கும். இங்கே நடைமேடை முனைக்குப் போவதற்குள் ரவிக்கை முதுகோடு ஒட்டிவிட்டது. மெட்ரோவில் பையை ஸ்கேனரில் விட்டால், அங்கே இருந்த பெண் காவலர் நிறுத்திவிட்டார். "உள்ள என்னம்மா கல்லு மாதிரி?" கல்லேதான் என்றேன். பிரிக்கச் சொன்னார், கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தங்கவயல் கல், தாத்தா வைத்திருந்தது என்றதும் அவர் முகம் மாறியது. "எங்க பெரியப்பாவும் அங்கதான் வேலை பார்த்தாரு, ஆம்பூர்லேர்ந்து போனவரு" என்று சொல்லி, துண்டை அவரே மறுபடி சுற்றிக் கொடுத்தார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

நங்கநல்லூரில் அத்தை வாசலிலேயே நின்றிருந்தார். குளியலறையில் இரண்டு நாளாகத் தண்ணீர் நூலாகத்தான் வருகிறதாம், பிளம்பர் நாளைக்குத்தான் வருவாராம். வாளியில் பிடித்து வைத்த தண்ணீரில் கைகால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். கத்தரிக்காய்ப் பொரியல், சாம்பார், ரசம், அப்பளம். ஆடி முதல் நாள் என்று பாயசமும் உண்டு.

கல்லைச் சாப்பாட்டு மேசையிலேயே வைத்துக்கொண்டார் மாமா. சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன மடக்கு லென்ஸை எடுத்து, கண்ணோடு ஒட்டி, கல்லைக் கிட்டக் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தார். எனக்குக் கேட்க இருந்தது ஒரே கேள்விதான். எங்கள் ஊரில் எங்கே தோண்டினாலும் கறுப்புப் பாறை. அந்தக் கறுப்புக்குள் இந்த வெள்ளை எப்படி வந்தது?

"கறுப்பு எரிமலைக் குழம்பும்மா. 270 கோடி வருஷத்துக்கு முன்னாடி கடலுக்கு அடியில கொட்டி உறைஞ்சது. அப்புறம் புதைஞ்சு, வெந்து, நசுங்கி இப்ப இருக்கிற கோலத்துக்கு வந்துச்சு. வெள்ளை அதுக்கப்புறம் வந்தது. அது தண்ணி கொண்டாந்து வச்சது."

தண்ணீரா என்று நான் இழுக்க, அவர் அப்பளத்தை எடுத்து இரண்டாக உடைத்தார். உடைந்த கோடு நேராக இல்லை, வளைந்து நெளிந்து போனது. இரண்டு துண்டையும் தட்டில் பொருத்தி வைத்து, ஒன்றை மட்டும் ஒரு விரற்கடை தள்ளினார். சில இடத்தில் ஒன்றோடு ஒன்று இடித்துப் பொடிந்தது. சில இடத்தில் விலகி வாய் திறந்தது. கரண்டியால் ரசத்தை ஓரமாக விட்டார். பொடிந்த இடத்தில் ரசம் நின்றுவிட்டது, வாய் திறந்த இடங்களில் சரசரவென்று உள்ளே ஓடியது.

"இதான் பிளவு. பூமி நகர்றப்ப ரெண்டு பக்கமும் உரசிப் போகும். கோடு வளையிற இடத்துலதான் வாய் திறக்கும். ஆழத்துல இருக்கிற சூடான தண்ணி அங்கதான் ஏறும். சுரங்கக்காரன் காலம் பூரா தேடினது அந்த வாயைத்தான்."

அந்தத் தண்ணீர் நாம் குடிக்கிற தண்ணீர் மாதிரி இல்லை. 300, 400 டிகிரி சூட்டில், மேலே இருக்கிற பாறையின் பாரம் அழுத்துவதால் கொதிக்காமல் இருக்கும். அந்தச் சூட்டில் அது பாறையிலிருந்தே சிலிக்காவைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். மேலே ஏறி, அழுத்தம் குறைந்து, சூடும் தணிந்தால் சுமக்க முடியாமல் இறக்கி வைத்துவிடும். அப்படி இறக்கி வைத்ததுதான் குவார்ட்ஸ், என் கையில் இருக்கிற வெள்ளைக்கல்.

தங்கம் இருக்கிறதா என்று அத்தைதான் கேட்டார். மாமா வீட்டுத் தராசில் கல்லை நிறுத்தார். 800 கிராம். "கழிவுன்னு தள்ளின கல்லு. இருந்தா டன்னுக்கு அஞ்சு கிராமுக்கு மேல இருக்காது. அப்படிப் பார்த்தா இதுல 4 மில்லிகிராம்." இன்றைக்குப் பவுன் 72,000 ரூபாயைத் தாண்டி நிற்கிறது. அந்தக் கணக்கிலும் தாத்தாவின் கல்லில் இருப்பது நாற்பது ரூபாய்த் தங்கம்கூட இல்லை. தெருமுனையில் இளநீர் 60 ரூபாய்.

ராத்திரி காற்றாடிக்குக் கீழே படுத்தும் தூக்கம் வரவில்லை. புழுக்கம் ஒரு பக்கம். அந்த அப்பளம் ஒரு பக்கம்.

ஜூலை 18, வெள்ளி

காலை ஏழரைக்கே பிளம்பர் வந்துவிட்டார், இருபத்தைந்து வயதுப் பையன். சுவரைத் தட்டித் தட்டிக் கேட்டு, கீசருக்குப் போகிற பழைய இரும்புக் குழாயில் ஒரு முழத்தை அறுத்து எடுத்தார். எடுத்த துண்டை என் கையில் கொடுத்து, "பாருங்கக்கா" என்றார்.

குழாயின் வாய் ஒரு அங்குலம். தண்ணீர் போக மிச்சம் இருந்த ஓட்டை சுண்டுவிரல் நுழையாத அளவு. சுற்றிலும் வெள்ளை, பழுப்பு, மறுபடி வெள்ளை, ஒரு மெல்லிய கருஞ்சிவப்பு, மறுபடி வெள்ளை என்று வளையம் வளையமாகப் படிவு. ஓட்டையின் விளிம்பில் மட்டும் ஊசி ஊசியாகச் சின்னப் படிகங்கள் நடுவை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தன. சென்னையில் போர் தண்ணீர் பிடிக்கிற எந்த வீட்டு வாளியிலும் இந்த வெள்ளைப் படிவு உண்டு. குறுக்கே வெட்டி நான் பார்த்ததில்லை.

மாமா காபியோடு வந்து பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஒரு விஷயம் மட்டும் கவனி. இது சுண்ணாம்பு. சுண்ணாம்பு சூடேறினாப் படியும், அதான் கீசர் பக்கத்துல இவ்வளவு. குவார்ட்ஸ் நேர்மாறு, சூடு தணிஞ்சாப் படியும். ஆனா சுவர்லேர்ந்து நடுவைப் பார்த்து வளர்ற விதம் ரெண்டுக்கும் ஒண்ணுதான்." பூமிக்குச் சில நூறு மீட்டர் ஆழத்தில், இளம் எரிமலைப் பிரதேசங்களில் உருவாகும் நாளங்கள், அதாவது பிளவில் படிந்த கனிமப் பட்டைகள், இந்தக் குழாய் மாதிரியே வரி வரியாக, நடுவில் பொந்தோடு இருக்குமாம். ஜப்பானில் ககோஷிமா பக்கம் ஹிஷிகாரி என்ற சுரங்கம் அந்த ரகம். அந்த நாளங்களுக்கு வயது சுமார் பத்து லட்சம் வருஷம்தான். இன்றைக்கும் அங்கே 65 டிகிரி வெந்நீரை இறைத்துக் கொட்டிக்கொண்டேதான் தோண்டுகிறார்கள். நியூசிலாந்தில் பூமிக்கு அடியிலிருந்து நீராவி எடுக்கிற கிணற்றுக் குழாய்களில் படிந்த படிவிலேயே தங்கமும் வெள்ளியும் இருந்ததை 1980களில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

குக்கர் விசில் அடித்தது. மாமா உடனே சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார். மூடி திறக்காதவரை உள்ளே தண்ணீர் 100 டிகிரிக்கு மேலே போனாலும் தண்ணீராகவே இருக்கிறது. வெயிட்டைத் தூக்கினால் அந்த நொடியே ஆவி. பிளவில் நிலநடுக்கம் வருவது வெயிட்டைத் தூக்குகிற மாதிரி. வாய் திறந்ததும் அழுத்தம் சட்டென்று விழுகிறது, தண்ணீர் கொதித்துப் போகிறது, கரைந்திருந்ததெல்லாம் அங்கேயே விழுகிறது. 2013ல் ஆஸ்திரேலியாவில் வெதர்லி, ஹென்லி என்ற இருவர் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: சில பிளவுகளில் தண்ணீர் கண்ணிமைக்கிற நேரத்தில் ஆவியாகிவிடும் என்று.

தங்கம் ஏன் அங்கே விழுகிறது என்று கேட்டது பிளம்பர் பையன். மாமாவுக்கு ஒரே சந்தோஷம். தங்கம் தண்ணீரில் தானாகக் கரையாது. கந்தகத்தோடு கைகோத்துக்கொண்டுதான் பயணம் போகும். கொதிக்கும்போது கந்தகம் வாயுவாகப் பிரிந்து போய்விடும். இல்லையென்றால் பக்கத்துப் பாறையில் இருக்கிற இரும்பு கந்தகத்தைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். எப்படியானாலும் துணை போனதும் தங்கம் தனியாக நின்று விழுந்துவிடும். எங்கள் ஊர்க் கறுப்புக்கல் மாதிரி எரிமலைப் பாறைகளில் இரும்பு நிறைய. தங்கம் பிடிக்க அது தோதான கண்ணி.

கூலி 700 என்றவர் 600 வாங்கிக்கொண்டு, "நூறு ரூபா பாடத்துக்குக் கழிச்சுக்கங்க ஐயா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

பதினொரு மணிக்கு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கிளம்பினேன். 1851ல் தொடங்கியது, முதன்முதலில் சேர்த்ததே பாறைகளும் கனிமங்களும்தான் என்று மாமா ஆசை காட்டியிருந்தார். பழவந்தாங்கலில் 5 ரூபாய் டிக்கெட் எடுத்து, வெயிலில் நடந்து போய்ச் சேர்ந்தால், வெள்ளிக்கிழமை விடுமுறை. நான் பார்க்காமல் வந்தது என் தப்பு. வாசலில் வியாபாரம் செய்த அம்மா, "நாளைக்கு வா கண்ணு" என்று ஆறுதல் சொன்னார்.

சரி, தங்கவயல்காரிக்குத் தங்கசாலை போகாமல் எப்படி என்று சவுகார்பேட்டைக்குப் போனேன். கம்பெனிக்காரர்களின் நாணயச்சாலை இருந்த தெரு அது, பெயர் அப்படி வந்தது. ஆடித் தள்ளுபடி போர்டுகளுக்கு நடுவே ஒரு சந்தில், மாடிப்படிக்கு அடியில், ஒரு பத்தர் உட்கார்ந்து மோதிரத்துக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். கல்லைக் காட்டினேன். வாங்கி முகர்ந்து பார்த்தார், ஏனென்று தெரியவில்லை. "நாங்க தங்கத்தை எல்லாம் முடிஞ்ச பிறகுதாம்மா பார்க்கிறோம். அது பொறந்த வீட்டை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்" என்றார்.

4 மில்லிகிராம் தங்கம் எவ்வளவு இருக்கும் என்று அவரிடம் கேட்டேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த சின்ன எலக்ட்ரானிக் தராசைத் திறந்தார். மேசை இழுப்பறையில் இருந்த அரத்தூளில் ஒரு துகளை இடுக்கியால் எடுத்து வைத்தார். 0.007 என்றது. அதை எடுத்துவிட்டு வேறொன்று. 0.005. மூன்றாவது துகளுக்கு 0.004 என்று நின்றது. மூச்சுவிடாதே என்று சைகை காட்டினார். உப்புமா ரவையில் ஒரு ரவை, அவ்வளவுதான். விளக்கு வெளிச்சத்தில் அது மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. முக்கால் கிலோக் கல்லை உடைத்து, மாவாக அரைத்து, சயனைடில் ஊறவைத்து எடுத்தால் இது. இதற்காகத்தான் மூன்று கிலோமீட்டருக்கு மேல் பூமிக்குள் இறங்கினார்கள். 120 வருஷத்தில் அந்த மண்ணிலிருந்து 800 டன்னுக்கு மேல் எடுத்தார்கள். அந்த ரவையைப் பார்த்தபடி 800 டன்னை நினைக்க முடியவில்லை எனக்கு. தாத்தா ஷிஃப்ட் முடிந்து வந்து திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருப்பது ஞாபகம் வந்தது.

வெளியே வந்தபோது வானம் கறுத்திருந்தது. பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிட்டேன், 70 ரூபாய். நூடுல்ஸில் முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், தட்டை மாதிரி இருக்கும் பேஜோவை நொறுக்கிப் போட்டது, கூடவே சூடான வாழைத்தண்டு சூப். சூப் எத்தனை தடவை கேட்டாலும் ஊற்றுகிறார்கள். மூன்றாவது தடவை ஊற்றும்போது மழை கொட்டியது. ஓடும்போது செருப்பு வார் அறுந்தது. தள்ளுவண்டிக்காரர் சாக்குப்பை தைக்கிற ஊசியால் அதை இரண்டு தையல் போட்டுக் கொடுத்து, காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஜூலை 19, சனி

விடிகாலை ஐந்தரைக்கு மாமா தயார். பரங்கிமலை ஏற வேண்டும் என்கிறார். 81 வயதில் வேண்டாமே என்று அத்தை சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நூற்றுச் சொச்சம் படிகள், ஒவ்வொரு வளைவிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினோம். மேலே 1523ல் போர்த்துக்கீசியர் கட்டிய தேவாலயம். கீழே விமான நிலைய ஓடுபாதை, நேர்க்கோடாக நீளும் ரயில் பாதை, ராத்திரி மழையில் கழுவின நகரம். 1802ல் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி இந்தியாவை அளக்க முதல் ஆதாரக் கோடு போட்டது இந்த மலைப் பக்கத்துச் சமவெளியில்தான்.

பாறை தெரிகிற ஓர் இடத்தில் மாமா குந்தி உட்கார்ந்து உள்ளங்கையைப் பதித்தார். பச்சை கலந்த கருமை, எண்ணெய் தடவிய மாதிரி மினுமினுப்பு. சார்னோகைட். கொல்கத்தாவில் 1690களில் இறந்துபோன கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னோக்கின் கல்லறையில் இருப்பது சென்னையிலிருந்து போன இந்த ரகக் கல்தான். 1893ல் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தக் கல்லறையை வைத்தே இதற்குப் பெயர் வைத்தார். உலகம் முழுக்க எங்கே இந்தப் பாறை கிடைத்தாலும் இப்போது அதே பெயர்.

"இது எரிமலைப் பாறை இல்லை. 20 கிலோமீட்டருக்குக் கீழே, 700, 800 டிகிரியில வெந்தது. 250 கோடி வருஷம் ஆச்சு. இதோட விசேஷம் என்ன தெரியுமா? தண்ணியில்லாத கல்லு."

அந்த ஆழத்தில், அந்தச் சூட்டில், பாறைக்குள் தண்ணீர் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டதாம். அதனால்தான் இதன் கனிமங்களே வேறு மாதிரி. ஆங்காங்கே ஒன்றிரண்டு வெளிர் நரம்புகள் ஓடுவதைக் காட்டினார், விரல் அகலத்தில். தங்கவயல் மாதிரி மைல் கணக்கில் ஓடும் வெள்ளை நாளம் இங்கே இல்லை. பிளவு இருக்கலாம். ஓடுவதற்குத் தண்ணீர் வேண்டுமே. நேற்றுக் காலைவரை குழாயில் தண்ணீர் சரியாக வராத வீட்டிலிருந்து வந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, என் தோளைத் தட்டினார்.

இறங்கி வந்து இட்லி, வடைகறி. சைதாப்பேட்டைப் பக்கம்தான் வடைகறிக்குப் பேர், ஆனால் இந்தச் சின்னக் கடையிலும் பட்டை, சோம்பு மணம் தூக்கியது. இரண்டு பேருக்கும் சேர்த்து 110 ரூபாய். சாப்பிடும்போது மாமா, "கல்லை வெட்டிப் பார்த்துடலாமா?" என்று கேட்டார்.

எனக்குக் கை நடுங்கியது. தாத்தா எடுத்து வைத்தது. பாட்டி தினமும் துடைத்தது. கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து, சரி என்றேன்.

பல்லாவரம் போகிற சாலையில் கிரானைட் பலகை அறுக்கிற ஒரு பட்டறை. வேலை செய்கிறவர் விழுப்புரம் பக்கத்துக்காரர். கல்லைத் தட்டிப் பார்த்து, கோடுகளுக்குக் குறுக்கே சாக்பீஸால் கோடு போட்டார். வைரத் தகடு சுழல, தண்ணீர் பீய்ச்சி அடிக்க, வெள்ளைச் சேறு வழிந்தது. ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். இரண்டு பாதியையும் வாளியில் முக்கி எடுத்து, ஈரத்தோடு என் கையில் வைத்தார்.

வெளியே பார்த்தபோது இருபது கோடு இருக்குமென்று நினைத்திருந்தேன். வெட்டின முகத்தில் எண்ணவே முடியவில்லை. நெல் கனத்தில் ஒரு வெள்ளைப் பட்டை, முடி கனத்தில் ஒரு கறுப்புக் கோடு, மறுபடி வெள்ளை, மறுபடி கறுப்பு. சில கறுப்புக் கோடுகள் ரம்பப் பல் மாதிரி நெளிந்திருந்தன. ஒரு மூலையில் மட்டும் வரிசை கலைந்து, கூர்கூரான கறுப்புச் சில்லுகள் வெள்ளைக்குள் மிதந்தன, பாயசத்தில் முந்திரி மாதிரி. காய்ந்தால் எல்லாம் மங்கிவிடும். தண்ணீர் ஊற்றினால் திரும்ப எழுந்து வரும். பட்டறைக்காரர் சலிக்காமல் குவளையால் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

மாமா லென்ஸால் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். இது ஒரே தடவையில் நிரம்பின கல் இல்லை. ஒரு பிளவு திறந்தது, தண்ணீர் வந்தது, குவார்ட்ஸ் படிந்து பிளவு ஒட்டிக்கொண்டது. ஒட்டினால் கீழே தண்ணீருக்குப் போக வழியில்லை, அழுத்தம் கூடிக்கொண்டே வரும். தாங்காமல் மறுபடி உடையும், பெரும்பாலும் ஒட்டின இடத்தின் ஓரத்திலேயே. உடையும்போது பக்கத்துப் பாறையிலிருந்து ஓர் ஏடு பிய்ந்து வரும், அதுதான் கறுப்புக் கோடு. மறுபடி தண்ணீர், மறுபடி வெள்ளை. ஜான் ராம்சே 1980ல் இப்படி உடைந்து ஒட்டுவதை விளக்கினார். 1988ல் சிப்சனும் கூட்டாளிகளும் பிளவே ஒரு வால்வு என்று எழுதினார்கள்: அடைத்துக்கொள்ளும், அழுத்தம் ஏறும், நிலநடுக்கத்தில் திறந்துகொள்ளும். சில்லு மிதக்கிற மூலை, ஒரு தடவை ரொம்பப் பலமாக உடைந்ததன் அடையாளம். போன வருஷம் ஆஸ்திரேலியாவில் இன்னொன்றும் சோதித்துக் காட்டினார்கள். கைக்கடிகாரத்தில் இருக்கிற அதே குவார்ட்ஸ், நிலநடுக்கத்தில் நசுங்கும்போது மின்சாரம் உண்டாக்கும், அந்த மின்சாரம் தண்ணீரில் இருக்கிற தங்கத்தை வெளியே இழுக்கும் என்று.

"ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவுல எத்தனை வருஷம் மாமா?"

"அதைக் கல்லு சொல்லாதும்மா. பத்து வருஷமும் இருக்கலாம், பத்தாயிரமும் இருக்கலாம். ஆனா ஒவ்வொரு கோடும் ஒரு குலுக்கல்."

குலுக்கல் என்றதும் எனக்கு ஏர் பிளாஸ்ட் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் ராத்திரியில் திடீரென்று வீடு அதிரும், அலமாரிப் பாத்திரம் கிடுகிடுக்கும். சுரங்கத்துக்குள் எங்கோ பாறை வெடித்திருக்கிறது என்று அர்த்தம். பாட்டி எழுந்து உட்கார்ந்துவிடுவாள். எந்த ஷாஃப்ட் என்று தெரிகிறவரை, தாத்தா வாசலில் தலை காட்டுகிறவரை, படுக்க மாட்டாள். மாமாவிடம் இதைச் சொன்னேன். அது மனிதன் தோண்டித் தோண்டிப் பாரம் மாறியதால் வந்த அதிர்ச்சி, அன்றைய நிலநடுக்கம் வேறு, என்றார். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "பாறைக்கு ரெண்டும் ஒண்ணுதான். தாங்க முடியலைன்னா உடையும்" என்றார். அவர் கூட வேலை பார்த்தவர்கள் சிலர் அப்படிப் போனவர்கள். யாருடைய பெயரையும் சொல்லவில்லை.

200 ரூபாய் நீட்டினேன். பட்டறைக்காரர் 50 மட்டும் எடுத்துக்கொண்டார். "தினமும் வெட்டறேன், ஒரு நாளும் உள்ள என்னன்னு பார்த்ததில்ல" என்றார்.

அருங்காட்சியகம் இந்தத் தடவை போகவில்லை. மாமாவுக்கு முழங்கால் வலி, மத்தியானம் முழுக்க நல்லெண்ணெய் தேய்த்து ஒத்தடம்.

ஜூலை 20, ஞாயிறு

தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் வார்த்தார்கள். கேழ்வரகுக் கூழ், சின்ன வெங்காயம், முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு ஒரு கரண்டி. வரிசையில் முன்னால் நின்ற ஒரு பெரியவர், நான் தூக்கு கொண்டு வரவில்லை என்று பார்த்துத் தன் மூடியைக் கொடுத்தார். கூழைக் குடித்துவிட்டு, கழுவித் திருப்பிக் கொடுத்தேன்.

கல்லில் ஒரு பாதியை மாமாவுக்கே கொடுத்துவிட்டேன். வேண்டாம் வேண்டாம் என்றார், கை மட்டும் விடவில்லை. குளியலறை ஜன்னலில், அறுத்தெடுத்த குழாய்த் துண்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அத்தை திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அதைக் கொஞ்சம் தள்ளி, வெளிச்சம் படுகிற மாதிரி வைத்துவிட்டுப் போனார். லென்ஸை என் கையில் திணித்து, "நான் இனிமே எங்க மலை ஏறப்போறேன்" என்றார் மாமா. முழங்காலில் துணிக்கட்டு. வாங்கிக்கொண்டேன்.

ரயிலில் லென்ஸை வைத்துக் கோடுகளை எண்ணிக்கொண்டு வந்தேன். வண்டி ஆட ஆட எண்ணிக்கை தவறியது. காட்பாடி தாண்டி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். 61 வரை வந்தேன், அதற்கு மேல் கோடுகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்துவிட்டன.

பங்காருப்பேட்டையில் இறங்கும்போது மணி ஒன்பதரை. அப்பா நடைமேடையிலேயே நின்றிருந்தார், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு. வீடு போகிறவரை பொறுக்கவில்லை அவருக்கு. டியூப்லைட்டுக்குக் கீழே துண்டைப் பிரித்தார். காய்ந்த முகத்தில் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. நான் பாட்டிலைத் திறந்து தண்ணீர் ஊற்றினேன். கோடுகள் எழுந்து வந்தன. ஒவ்வொன்றும் ஒரு அதிர்ச்சிப்பா, பூமி உடைஞ்சு உடைஞ்சு ஒட்டின இடம் என்றேன்.

அப்பா கட்டைவிரலால் கோடுகளுக்குக் குறுக்கே மெதுவாகத் தடவினார். "எங்கப்பாவுக்குத் தெரிஞ்சிருக்குமோ?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. கல் காய ஆரம்பித்ததும் பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி, இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார்.